எட்டாவது சாவி

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

சில்லு எழுதுவது. இங்கே உடம்பு, மனசு, பசி மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. அங்கே உன் இடுப்புவலி, அம்மாவின் முழங்கால், அத்தானின் குறட்டை மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வரிசையாக எழுது. வளாகத்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், குடியிருப்பும் உள்ளேதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசி என்ன கிழிக்க முடியும்? கடிதம்தான் நமக்குக் கதி.

உன் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், "உங்க தங்கச்சி என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டால் நீ விழிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். இப்படிச் சொல். கடுகைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அதற்குள் கனத்த ஹைட்ரஜன். சுற்றிலும் எல்லாப் பக்கமிருந்தும் லேசர் அதன்மேல் விழும். முதலில் நிதானமாக அமுக்கும். உருண்டை நன்றாகச் சுருங்கியதும், கடைசியில் ஒரே ஒரு பலத்த அடி. அந்த அடியில் ஓர் அதிர்ச்சி அலை கிளம்பி, உருண்டையின் ஓரத்திலிருந்தெல்லாம் நடுவைப் பார்த்து ஓடும். எல்லாம் நடுவில் மோதுகிற இடத்தில் சூரியனுக்குள் நடப்பது நடக்க வேண்டும். அணுவும் அணுவும் சேர வேண்டும், சக்தி வெளியே வர வேண்டும். அதிலிருந்து மின்சாரம் எடுக்க இன்னும் வெகுகாலம் ஆகும். அதுவரை யாரும் வீட்டு இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்.

என் வேலை அந்த உருண்டையை முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒட்டி, லேசர் அறையின் நட்டநடுவில் நிறுத்துவது. எங்கள் பழைய நுண்ணோக்கிக்கு ஒரே குழல்தான். அதில் கண் வைத்தால் எனக்கு ஊர் உலகம் மறந்துவிடும். செப்டம்பரில் பெரிய அடி. ஏழு வருஷமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஒரு கூத்தைக் கேள். அறை வாசலில் ஏழு துளை உள்ள பலகை ஒன்று இருக்கிறது. உள்ளே போகிறவர் தன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏழும் துளைக்குத் திரும்பினால்தான் லேசருக்கு மின்சாரம் போகும். சாவி பையில் இருந்தால் பயமில்லை, பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றலாம். அதைப் போட்டுக்கொண்டு குச்சியின் நுனி யாருக்குத் தெரியும்? போன வாரம் நான் நான்காம் சாவியைப் பையில் போட்டபடி வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டேன்! முப்பது பேர் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போனது. தலை குனிந்தே பலகைவரை நடந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சிரித்துக்கொண்டே, "உன் சாவிக்கு ஒரு தம்பியைச் செஞ்சு என் மேஜையில வச்சுக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் சில்லு


பிப்ரவரி 9

சில்லுக்கு,

கேட்டபடி வரிசையாக: இடுப்பு பரவாயில்லை, முழங்கால் மோசம், குறட்டை வளர்ந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாவியோடு வீட்டுக்கு வந்தாவது சாப்பிடுகிறாய் என்று தெரிந்து அம்மாவுக்குச் சந்தோஷம்.

நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி அடி என்றதும், "வெடிக்குமா?" என்று கேட்டாள். கடுகளவுதான் அம்மா என்றேன். "கடுகு எண்ணெயில வெடிச்சே கையைச் சுட்டுடுது" என்றாள். இதற்கு உன் ஆய்வுக்கூடத்தில் பதில் இருந்தால் எழுதி அனுப்பு.

இங்கே பாலிடெக்னிக்கில் ஆள் தேடுகிறார்கள். நீ மாட்டேன் என்பாய் என்று தெரியும். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

சின்ன வயசில் அப்பா கடையில் லென்ஸை உடைத்து உடைத்துத்தான் உனக்குச் சில்லு என்று பெயர் வந்தது. அந்தக் கையில் போய் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குச்சியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல தைரியம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வேலை அதிகம். நடுவில் ஜலதோஷம் வேறு, இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுக்க முடியவில்லை, அதற்கும் வேலைதான் காரணம். அம்மாவின் முழங்காலுக்கு என்ன மருந்து?

இதோடு ஒரு சாவி வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. எதற்கென்று இப்போது கேட்காதே.

அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுது. உன் நீல மை வெளுத்துத் தெரிகிறது.

சில்லு


ஏப்ரல் 25

சில்லுக்கு,

பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன். போதுமா?

நான் இருபது வருஷமாகக் கண்ணாடி விற்கிறேன். நீல மை வெளுத்துத் தெரிகிறது என்று யார் சொன்னாலும் முதலில் மையைச் சந்தேகப்பட மாட்டேன். உன் கடிதத்தைக் கடை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் எழுத்தின் தலையில் விழாமல் பக்கத்தில் போய் விழுந்திருக்கின்றன. தபால்தலை உறையின் ஓரத்தைத் தாண்டி ஒட்டியிருக்கிறது. முடியளவு குச்சியில் கடுகை நிறுத்துகிறவள் தபால்தலையைத் தாண்டி ஒட்டுவாளா? ஜலதோஷத்துக்கு இப்படி ஆகாது.

இதோடு ஒரு கட்டத்தாள் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தப் புள்ளியையே பார். கோடு எங்கே வளைகிறதோ, எங்கே காணாமல் போகிறதோ அங்கே பென்சிலால் தீட்டு. பிறகு மற்றக் கண்ணுக்கும் அதே மாதிரி. வருகிற எல்லோருக்கும் கொடுப்பதுதான். உனக்குத் தபாலில் கொடுக்கிறேன்.

சாவி என் லென்ஸ் டப்பாவில் இருக்கிறது. முன்னால் நான்கு என்று இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் பொடி எழுத்தில் 20417 என்று குத்தியிருக்கிறது. கேட்காதே என்றாய், கேட்கவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பதில் போடு.

அக்கா


மே 19

அக்கா,

கட்டத்தாள் உள்ளே இருக்கிறது. இடது.

அம்மாவுக்குச் சொல்லாதே. நீ நலமா?

சில்லு


மே 24

சில்லு,

நலமா என்று வேறு கேட்கிறாயா?

கட்டத்தாளின் நட்டநடுவில் நாணயம் அளவுக்கு நீ தீட்டியிருக்கிற கறுப்பை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வாடிக்கையாளர் முன்னால் அழுதேன். தான் விலையைக் குறைத்துக் கேட்டதால்தான் நான் அழுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த மாதிரி ஓட்டை வயசானவர்களுக்கு மெதுவாக வரும். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு வரும். உனக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும். டாக்டர் என்ன சொன்னார்? லேசரை யார் அடித்தது? நீ எங்கே நின்றாய்? சாவி எதற்கு என் டப்பாவில் கிடக்கிறது?

பத்து நாளில் கடிதம் வரவில்லையென்றால் ஜீப் வேண்டாம், நானே வருவேன்.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே. சொல்லிவிடுகிறேன். உன் உடம்பை முதலில் பார்த்துக்கொள், நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். போனை எடுக்காததற்கு வேலை காரணமில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வராது.

மார்ச் பதினொன்று, சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் உள்ளே உருண்டையை நிறுத்திக்கொண்டிருந்தேன். நான்காம் சாவி என் கோட்டுப் பையில் இருந்தது, அதனால் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கித் திரும்பினேன். டப் என்று ஒரு சத்தம். அறையில் கேட்ட சத்தம் இல்லை அக்கா, என் கண்ணுக்குள்ளே கேட்டது. பிறகு எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு மங்கல். சோதனைக்காக விடுகிற சின்ன லேசர் துடிப்புதான், கண்ணுக்கே தெரியாத ஒளி. எதிலோ பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. பெரிய அடியாக இருந்தால் இதை எழுத நான் இல்லை.

வெளியே வந்து பலகையைப் பார்த்தேன். ஏழு துளையிலும் ஏழு சாவி. என் சாவி என் பையில்.

தம்பிச் சாவி விளையாட்டுப் பேச்சில்லை. உண்மையாகவே வெட்டி மேஜையில் வைத்திருந்தார். அன்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது, அவருக்கு அவசரம். நான்காம் துளை காலியாக இருப்பதைப் பார்த்து, "மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டா" என்று சொல்லி நகலைச் சொருகியிருக்கிறார். ஒருவரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. என் சாவியை அதற்குப் பிறகு யாருமே கேட்கவும் இல்லை. பலகைதான் நிரம்பியிருந்ததே.

டாக்டர் கண்ணுக்குள் இருந்த வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்துவிட்டது. ஓட்டை மூடாது என்கிறார்.

இப்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். "பாதுகாப்புக் கண்ணாடி அணியாத கவனக்குறைவால் நேர்ந்தது." கையெழுத்துப் போட்டால் செப்டம்பரில் உருண்டையை நிறுத்துவது நான்தான். போடாவிட்டால் விசாரணை வரும், வேலை மாதக்கணக்கில் நிற்கும், மேலிடம் திட்டத்தையே மூடினாலும் மூடும். கண்ணாடி அணியவில்லை என்பது உண்மைதானே. அந்த நகல் பிறந்ததும் என் மறதியால்தானே. போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நுண்ணோக்கிக்கு ஒரு கண் போதும், நினைவிருக்கிறதா?

சில்லு


ஜூன் 12

சில்லுக்கு,

இங்கே எல்லோரும் கோபமாக இருக்கிறோம். வேறு நலம் விசாரிக்க எதுவும் இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கிக்கொள்கிறேன், மறைக்க முடியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கையெழுத்துப் போடச் சொன்னவன் கையை என் முன்னாடி வந்து நீட்டச் சொல்லு." அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வருஷம் ஒருவருக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் தலைவலியோடு நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது, "என் தப்புங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று அவரிடமே எழுதி வாங்கவில்லை. உன் தலைவர் உன்னிடம் அதைத்தான் கேட்கிறார்.

நீ மறதியாகச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாய். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? முப்பது பேர் சும்மா நின்றார்கள். ஒருத்தர் கண்ணும் போகவில்லை. அந்தப் பலகை இருப்பதே அதற்குத்தானே. நீ மறந்தாலும் அது காப்பாற்றியது. அதை ஏமாற்றியவர் அவர். பாதி உண்மைக்குக் கையெழுத்துப் போட்டால் மீதிப் பாதி இன்னொருத்தியின் கண்ணில் போய் விழும்.

வீட்டுக்கு வா என்று நான் சொல்லப்போவதில்லை. பாலிடெக்னிக் பேச்சையும் எடுக்க மாட்டேன். நீ அங்கேயே இரு, அந்தக் கடுகை நீயே நிறுத்து. ஆனால் போடாதே.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

போடவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

தலைவர் அறைக்குப் போனேன். தாளைத் தள்ளினார், பேனாவைத் திறந்தே வைத்தார். "உனக்கு இந்த வேலை மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். இது ஒரு வருஷம் நின்னா யாருக்கு நஷ்டம்?" என்றார். "என் கண்ணு நின்னே போச்சு சார். வேலை கொஞ்சம் நிக்கட்டும்" என்றேன். வாய் என்னுடையதுதானா என்று எனக்கே ஆச்சரியம். நகல் சாவி என்று ஒன்றே கிடையாது, பலகையில் ஏழுதான் இருக்கிறது, போய் எண்ணிக்கொள் என்றார். பாதுகாப்புக்குப் பொறுப்பான சாவிக்காரரைப் பார்த்தேன். "எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாளே என்னைப் பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசி, பழைய கோப்பு, ஒரு மின்விசிறி. தேநீர் இடைவேளையில் நான் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. திட்டத்தைக் கெடுக்க வந்தவள் என்று பேச்சு. எனக்கு ஆத்திரமாக வருகிறது அக்கா. அந்த அலை நடுவில் போய் மோத வேண்டும் என்று இவர்களைவிட எனக்குத்தான் வெறி அதிகம். அதற்காக யாரும் உள்ளே இருக்கும்போது அடிக்கலாம் என்றால், அப்படி வருகிற மின்சாரம் எந்த வீட்டிலும் எரிய வேண்டாம்.

ஆனால் என்னை இந்த அறையில் தள்ளியது அவர்கள் செய்த பெரிய உபகாரம். நாலு நாள் தூசி தட்டினேன். பலகை வாங்கிய வருஷத்துக் கோப்பு கிடைத்தது. ஏழு சாவிக்கும் தொழிற்சாலை குத்திய எண் அதில் இருக்கிறது. நான்காவதற்கு நேரே 20417. நீ ஏப்ரலில் எழுதிய எண்.

விசாரணை ஆகஸ்ட் 18. வெளியிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார். சாவியைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு.

சில்லு


ஆகஸ்ட் 2

சில்லுக்கு,

சாவியை உனக்கு அனுப்பவில்லை. கோபிக்காதே. உனக்கு வருகிற உறையை வாசலில் யார் வாங்குகிறார்கள், யார் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரணை அதிகாரியின் அலுவலக முகவரியைத் தேடிப் பிடித்து, அவர் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூடவே நீ ஏப்ரலில் அனுப்பிய உறை, தபால் முத்திரையோடு. நீ தீட்டிய கட்டத்தாளும். மேலே நாலு வரி எழுதினேன்: "இந்தச் சாவி ஏப்ரலிலிருந்து என் கடையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பலகையில் ஏழும் இருந்தால் இது எத்தனையாவது என்று கேளுங்கள். தாளில் கறுப்பாக இருப்பது என் தங்கையின் இடது கண். நான் கண்ணாடிக் கடைக்காரி, இதற்கு என்னிடம் கண்ணாடி இல்லை."

அம்மா நலம். முழங்காலை மறந்துவிட்டாள், அவ்வளவு ஆத்திரம்.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்த முறை அது நிஜம்.

தலைவர் முதலில் பேசினார். ஏழு துளை, ஏழு சாவி, நகல் என்பது கற்பனை, கண்ணாடி அணியாதது உண்மை. அழகாகத்தான் பேசினார். அதிகாரி அம்மா கேட்டுக்கொண்டே உன் உறையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். சாவி உருண்டு தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது. "வாங்க, பலகையைப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

எல்லோரும் அவர் பின்னால் நடந்தோம். ஏழு துளையும் நிரம்பியிருந்தன. நான்காவதை உருவித் திருப்பிப் பார்த்தார், பின்னால் வழுவழுவென்று ஒன்றுமே இல்லை. நம் சாவியைத் திருப்பினார். நான் கொண்டுபோன கோப்பைப் பக்கத்தில் வைத்து எண்ணை உரக்கப் படித்தார். நம் சாவியைத் துளையில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அதை எடுத்துவிட்டு நகலைச் சொருகினார். அதற்கும் எரிந்தது.

"ஏழு துளைக்கு எட்டுச் சாவி எப்படி வந்துச்சு?" என்றார்.

சாவிக்காரர்தான் முன்னால் வந்தார். "நான்தாம்மா வெட்டிட்டு வந்தேன். சார் சொன்னாரு. தப்புன்னு அப்பவே தெரியும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது.

தலைவரை நீக்கிவிட்டார்கள். எல்லா அறைகளையும் சோதித்து முடிக்கும்வரை லேசர் நிற்கும். செப்டம்பர் அடி இல்லை. தேநீர் மேஜை இன்னும் காலியாகத்தான் ஆகிறது. ஆகட்டும், எனக்குக் கை நீட்டி உட்கார இடம் கிடைக்கிறது.

உன் கட்டத்தாளை அதிகாரி அம்மா கோப்பில் வைத்துக்கொண்டார். வேறு ஒன்று அனுப்பு. வலது கண்ணை மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில்லு


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அத்தான், நீ எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே குளிர் விட்டுவிட்டது. வலது கண் கட்டத்தாளில் ஒரு கோடும் வளையவில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பெரிய அடி. உருண்டையை நிறுத்தியது நான். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாமல் மூன்று மாதம் பழகினேன், பதினோரு குச்சியை உடைத்தேன். சில்லு என்ற பெயர் வீண்போகவில்லை. அலை நடுவில் ஒழுங்காகச் சந்தித்தது. இதுவரை இங்கே அடித்ததிலேயே இதுதான் பலமானது என்று கருவிகள் சொல்கின்றன. அணுக்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. போட்ட சக்தியில் துளிதான் திரும்பி வந்தது. அது போதாது, இன்னும் பலமாக அடிப்போம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அடிப்பதற்கு முன் ஆறு சாவிகள் துளைக்குத் திரும்பிவிட்டன. நான்காம் துளை காலி. முப்பது பேர் கைகட்டி நின்றார்கள். புதுத் தலைவர், "நாலாவது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். சாவி என் பையில் இருந்தது. வேலை முடித்து வெளியே வந்தவள், மறுபடியும் உள்ளே போனேன். படியின் அடியில் பார்த்தேன். ஏணியின் பின்னால் பார்த்தேன். இடது கண்ணை நம்ப முடியாது என்பதால் முழுசாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

வெளியே வந்தேன். சாவிக்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னால் இருந்து, "எவ்வளவு நேரம்மா?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

போன வருஷம் இதே முப்பது பேரைக் காக்க வைத்ததற்குத் தலை குனிந்து நடந்தேன். நேற்றுத் தலையைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போய்ச் சாவியைச் சொருகினேன்.

உன் சில்லு